துங்கு ஆலம் காத்திருந்த வீடு

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, பையில் ஒரு பத்திரத்தை வைத்துக்கொண்டு சிங்கப்பூர் சுல்தான் பள்ளிவாசல் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். பத்திரம் என்றால் பெரிய சொத்து ஒன்றும் கிடையாது. புதுக்கோட்டைப் பக்கம் கிராமத்தில் அப்பா கட்டிய ஓட்டு வீடு. அதில் என் பங்கைத் தம்பிக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். ஊருக்குப் போய்ப் பதிய லீவு கிடைக்கவில்லை. அதனால் விடுதலைப் பத்திரத்தில் எனக்காகக் கையெழுத்துப் போட மாமாவுக்கு ஒரு பவர் எழுதி அனுப்பலாம் என்று முடிவு. சாட்சிக்கு ஆள் வேண்டும், பாயை அழைத்திருந்தேன். ஜும்மா முடிந்ததும் வருகிறேன், பள்ளிக்கிட்டயே நில்லு என்று சொல்லியிருந்தார்.

பாய் இங்கேயே பிறந்தவர். தாத்தா காலத்தில் கடையநல்லூரிலிருந்து வந்த குடும்பம். கப்பல் பட்டறையில் என்னோடு பதினோரு வருடம் வேலை பார்த்தார், இப்போது ஓய்வு. இந்த வட்டாரத்தை இன்னும் 'கம்பம்' என்றுதான் சொல்வார். கிராமத்தைக் குறிக்கும் கம்போங் என்ற மலாய்ச் சொல் நம்மவர்கள் வாயில் கம்பமாகி நூறு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கும். கம்போங் கிளாம் என்றால் கிளாம் மரத்துக் கம்பம். அந்த மரத்தின் பட்டையை உரித்துப் படகுப் பலகைகளின் இடுக்கில் திணித்து அடைப்பார்களாம். கப்பல் பட்டறைக்காரனுக்கு அது போதும், மரத்தின் மேல் ஒரு பிரியம் வந்துவிடுகிறது.

தொழுகை முடிந்து கூட்டம் வெளியே வந்தது. பாய் தொப்பியை மடித்துச் சட்டைப் பையில் வைத்தபடி வந்து என் பக்கத்தில் நின்றார். நான் மேலே பார்த்துக்கொண்டிருந்தேன். தங்க நிறக் கும்மட்டத்துக்குக் கீழே, சுற்றிலும் ஒரு கறுப்புப் பட்டை ஓடும். இத்தனை வருடமாக அதை ஏதோ பளிங்கு வேலைப்பாடு என்றே நினைத்திருந்தேன்.

"அது கல்லு இல்ல தம்பி, போத்தலு. போத்தலோட அடி."

உண்மைதான். உற்றுப் பார்த்தால் வட்ட வட்டமாகத் தெரிகிறது. 1924 முதல் 1932 வரை இந்தப் பள்ளியைக் கட்டியபோது பணக்காரர்கள் பணம் கொடுத்தார்கள், இல்லாதவர்கள் கண்ணாடிப் போத்தல் கொடுத்தார்கள். கட்டட நிபுணர் டெனிஸ் சான்ட்ரி அவற்றை அடுக்கிக் கும்மட்டத்துக்கு அடியில் பட்டையாக்கிவிட்டார். அதற்கு முன்பே, 1914இல், பள்ளியை நிர்வகிக்க ஒரு குழு அமைத்தார்கள். மலாய்க்காரர், ஜாவாக்காரர், புகிஸ்காரர், அரபுக்காரர், தமிழர், வட இந்தியர் என்று ஒவ்வொரு சமூகத்துக்கும் இரண்டு பேர். பாய்க்கு இது மனப்பாடம். "நம்மாளு ரெண்டு பேரு" என்று ஒவ்வொரு முறையும் விரலை நீட்டிக் காட்டுவார்.

அன்று புதிதாக ஒன்று சொன்னார். "உள்ள பின்பக்கம் ஒரு ராஜா படுத்திருக்காரு, தெரியுமா? ராஜாவாகாத ராஜா."

தெரியாது. சிங்கப்பூர் வந்து இருபத்திரண்டு வருடம். முர்தபாக் சாப்பிட எத்தனை முறை இந்த முனைக்கு வந்திருப்பேன்! வீட்டுக்குப் போய்த் தேட ஆரம்பித்தவன் இரண்டு வாரம் தூங்கவில்லை என்று என் மனைவி சொல்கிறாள். கொஞ்சம் மிகைதான், முழுப்பொய் இல்லை.

அவர் பெயர் துங்கு ஆலம். பள்ளிவாசலில் சொல்கிற பெயர் சுல்தான் அலாவுதீன் ஆலம் ஷா. ஆங்கிலேய அதிகாரிகளுக்கு அவர் கடைசி வரை துங்குதான், அதாவது இளவரசர். அந்த இரண்டு பெயருக்கும் நடுவே அவருடைய முழு ஆயுளும் போயிருக்கிறது.

கதை அவருடைய தாத்தா ஹுசைனில் தொடங்குகிறது. ஜொகூர்-ரியாவ் என்ற மலாய் அரசின் சுல்தான் மஹ்மூதுக்கு இரண்டு மகன்கள். அப்பா இறந்தபோது மூத்தவர் ஹுசைன் கல்யாணத்துக்காகப் பஹாங் போயிருந்தார். அந்த இடைவெளியில் ரியாவில் செல்வாக்காக இருந்த புகிஸ் தலைவர்கள் இளையவரை உட்கார வைத்துவிட்டார்கள். மாப்பிள்ளை திரும்பி வந்து பார்த்தால் நாற்காலியில் தம்பி. ஆனால் அரச சின்னங்கள் இறந்த சுல்தானின் மனைவி எங்கு புத்ரி ஹமிதா கையில் இருந்தன. அந்த அம்மாள் இளையவருக்குக் கொடுக்க மாட்டேன் என்று பிடிவாதமாக நின்றுவிட்டார். ஆக ஒருவருக்கு நாற்காலி இருந்தது, சின்னம் இல்லை. இன்னொருவருக்கு மூத்தவர் என்ற பேர் மட்டும் இருந்தது.

1819இல் கிழக்கிந்தியக் கும்பினியின் அதிகாரி ராஃபிள்ஸுக்கு வேண்டியது அந்தப் பேர்தான். டச்சுக்காரர்கள் கை இளையவர் பக்கம் இருந்ததால், மூத்தவரை அழைத்து வந்து சுல்தான் என்று அறிவித்து, பிப்ரவரி 6ஆம் தேதி ஒப்பந்தம் போட்டார். வருடத்துக்கு 5,000 ஸ்பானிய வெள்ளி, அதாவது டாலர், சுல்தானுக்கு. உடன் கையெழுத்துப் போட்ட தெமெங்கோங்குக்கு 3,000. தெமெங்கோங் என்பது தளபதி, போலீஸ் அதிகாரி இரண்டும் கலந்த மாதிரி ஒரு பதவி. அந்தக் குடும்பத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவார்கள். ஐந்து வருடம் கழித்து, 1824 ஆகஸ்ட்டில், தீவை மொத்தமாக எழுதி வாங்கினார்கள். சுல்தானுக்குக் கையில் 33,200 வெள்ளி, அப்புறம் ஆயுள் வரை மாதம் 1,300.

கம்போங் கிளாமில் சுல்தானுக்கு ஒதுக்கியது ஏறத்தாழ 56 ஏக்கர். அதுவும் நிலைக்கவில்லை. தீவை நிர்வகித்த ஆங்கிலேய ரெசிடென்ட் கிராஃபர்ட் அரண்மனை வளாகத்தின் மதிலை உடைத்து நடுவே ரோடு போட்டார். அதுதான் இன்று நார்த் பிரிட்ஜ் ரோடு. மெலாக்காவில் பிறந்து தமிழும் படித்த முன்ஷி அப்துல்லா இந்தச் சுல்தானின் பருத்த உடம்பைப் பற்றி நையாண்டியாக எழுதியிருக்கிறார். எனக்கு அதைப் படித்தபோது சிரிப்பு வரவில்லை. வீட்டு மதிலை இடித்து ரோடு போடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனிதர் அவர். 1835இல் மெலாக்காவில் இறந்தார், அங்கேயே தெங்கேரா பள்ளிவாசலில் அடக்கம்.

அவருடைய மகன் அலிக்கு அப்போது வயது பத்துப் பன்னிரண்டு. பட்டம் உடனே கிடைக்கவில்லை. இருபது வருடம் கழித்துத்தான் கிடைத்தது, அதற்கும் ஒரு விலை இருந்தது. 1855 மார்ச் 10ஆம் தேதி ஒப்பந்தப்படி ஆங்கிலேயர் அலியைச் சுல்தான் என்று ஒப்புக்கொண்டார்கள். பதிலுக்கு ஜொகூர் முழுவதும் தெமெங்கோங் குடும்பத்துக்குப் போனது. அலிக்கு மிஞ்சியது மூவார் ஆற்றுக்கும் கேசாங் ஆற்றுக்கும் நடுவே ஒரு துண்டு நிலம், கையில் 5,000 வெள்ளி, மாதம் 500. அந்தத் துண்டையும் விற்பதானால் முதலில் கும்பினியிடம் கேட்க வேண்டும், அடுத்தது தெமெங்கோங்கிடம்.

இந்த இடத்தை நான் மூன்று முறை படித்தேன். ஒரு ராஜ்ஜியத்தைக் கொடுத்து 'ராஜா' என்ற சொல்லை வாங்கியிருக்கிறார். தெமெங்கோங் பக்கம் வேறு மாதிரி. கட்டா பெர்ச்சா மரப்பால் வியாபாரத்தில் அவர்கள் கை நிறையச் சம்பாதித்துக்கொண்டிருந்தார்கள். கடலுக்கடியில் போடும் தந்திக் கம்பிக்கு உறையாக உலகமே அந்தப் பாலைக் கேட்ட காலம்.

அப்புறம்தான் எனக்கு நிஜமாகவே தூக்கம் போனது. சுல்தான் அலியின் கடன் கணக்கில் ஒரு பெயர் வருகிறது. ஆங்கிலத்தில் இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தேன்: கவனா சனா ஷெல்லப்பா. இந்திய வட்டிக்காரர் என்று போட்டிருந்தது. முதலில் புரியவில்லை. வாய்விட்டு ஒரு முறை சொன்னதும் சட்டென்று புரிந்தது. காவன்னா சானா செல்லப்பா! கா. ச. செல்லப்பா. அ-வுக்கு ஆனா, ஆ-வுக்கு ஆவன்னா, அதே கணக்கில் கா-வுக்குக் காவன்னா. நம்ம ஊர் வட்டிக்கடைகளில் விலாசம் சொல்கிற முறை. எழுதிய வெள்ளைக்காரனுக்கு அது முதல்பெயர், நடுப்பெயர்! எங்கள் பக்கத்துத் தாத்தாக்கள் இப்படித்தான் பேசுவார்கள்: "மூனா ரூனா வீட்டு ஆளா நீ?"

1866இல் சுல்தானும் செல்லப்பாவும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். மாதா மாதம் வரும் 500 வெள்ளியில் ஒரு பகுதி நேரே கடனுக்குப் போய்விடும். சம்பளத்தில் பிடித்தம் என்று இங்கே வேலை பார்க்கிற எவருக்கும் விளக்கத் தேவையில்லை. அதுவும் போதாமல், 1868இல், கடனை அடைக்க முடியாவிட்டால் மூவாரையே ஆங்கிலேயருக்கு விற்றுக்கொள்ளலாம் என்று அவருக்கு எழுதிக் கொடுத்தார் சுல்தான். விற்பனை நடக்கவில்லை. ஆனாலும், அரண்மனைத் திண்ணையில் கணக்குப் புத்தகத்தோடு ஒரு தமிழர் உட்கார்ந்திருக்க, உள்ளே இளவரசர் துங்கு ஆலம் நடமாடிக்கொண்டிருப்பதாக ஒரு காட்சி என் மனதில் வந்து உட்கார்ந்துவிட்டது. அப்போது அவருக்கு இருபது வயதுக்கு மேல். அப்பாவுக்குப் பிறகு தனக்கு என்ன மிஞ்சும் என்று அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

மிஞ்சியது பட்டம் ஒன்றுதான். அதிலும் கல் விழுந்தது. அலி கடைசிக் காலத்தை மெலாக்கா பக்கம் உம்பாயில் மூன்றாவது மனைவியோடு கழித்தார். 1877இல் சாகும் முன், பட்டம் அந்த மனைவியின் மகன் மஹ்மூதுக்கு என்று சொல்லிவிட்டார். மஹ்மூது அப்போது சிறுவன். மூத்தவர் ஆலம், புகிஸ் குடும்பத்துத் தாயின் மகன். தாத்தா காலத்துக் கதையே திரும்பவும்: மூத்தவர் இருக்க இளையவர். ஒரே வித்தியாசம், இந்தத் தடவை இரண்டு பேருக்குமே கிடைக்கவில்லை. மூவார்த் தலைவர்கள் கூடி, தெமெங்கோங் குடும்பத்து மகாராஜா அபு பக்கரே எங்களுக்கு வேண்டும் என்றார்கள். ஆங்கிலேயருக்கும் அதுவே வசதி. நிலம் அவருக்குப் போனது.

கம்போங் கிளாமில் ஆலமின் ஆட்கள் அவரைச் சுல்தான் என்றே அழைத்தார்கள். 1879இல் ஜெமெந்தாவில் துங்கு நோங் என்பவர் அவருக்காக ஆயுதம் எடுத்தார். அபு பக்கரின் படை சீக்கிரமே அடக்கிவிட்டது. அதோடு சரி. ஆலமுக்கு மிஞ்சியது உதவித்தொகையும் வீடும்.

1885இல் அபு பக்கர் லண்டனில் கையெழுத்துப் போட்டு ஜொகூரின் சுல்தானாகவே ஆகிவிட்டார். ஆலமின் தாத்தாவுக்குப் பக்கத்தில் நின்று கையெழுத்துப் போட்ட தெமெங்கோங்கின் பேரன் அவர். அந்தச் செய்தி, பள்ளிக்குப் பக்கத்தில் சுல்தான் கேட் தெருவில் இருக்கிற இந்த அரண்மனை வீட்டுக்கு எந்த நேரத்தில், யார் வாயால் வந்திருக்கும்? ஆலம் அதற்குப் பிறகு ஆறு வருடம் இருந்தார். 1891இல் இறந்தார்.

எங்கள் ஊர்க்காரனுக்கு இந்தக் கதை ஏன் இவ்வளவு கிட்டத்தில் தெரிகிறது என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் அப்பாயி புதுக்கோட்டை சமஸ்தானத்தில் பிறந்தவள். அம்மன் காசைச் சுருக்குப் பையில் முடிந்து வைத்திருப்பாள். 'வெள்ளக்காரியக் கட்டிக்கிட்ட ராசா' கதையை அவள் சொல்லாத மழைக்காலம் கிடையாது. மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915இல் மெல்போர்னில் மோலி ஃபிங்க் என்ற பெண்ணை மணந்துகொண்டு ஊருக்கு வந்தார். கர்ப்பமாக இருந்த அந்த அம்மாளுக்கு யாரோ அரளி விஷம் வைத்தார்கள் என்று பேச்சு. இரண்டு பேரும் ஆஸ்திரேலியாவுக்கே திரும்பிவிட்டார்கள். 1916இல் சிட்னியில் மகன் பிறந்தான், பெயரே மார்த்தாண்ட சிட்னி தொண்டைமான். வெள்ளைக்கார அரசாங்கம் அந்தத் திருமணத்தையும் ஏற்கவில்லை, பிள்ளையை வாரிசாகவும் ஏற்கவில்லை. ராஜா 1928இல் பாரிஸில் இறந்ததும், குடும்பத்திலிருந்து ஆறு வயது ராஜகோபாலத் தொண்டைமானைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். சிட்னி கடைசி வரை ராஜா ஆகவில்லை.

அப்பாயி கதையை அந்தப் பிள்ளையோடு முடிப்பாள். "அது எந்த ஊருல நின்னுக்கிட்டு எந்த ஊர நெனச்சுச்சோ." விளக்கை இறக்கிவிட்டுப் படுத்துக்கொள்வாள்.

துங்கு ஆலமுக்கு நினைக்க வேண்டிய ஊர் தூரத்தில் இல்லை. ஜலசந்தியைத் தாண்டினால் ஜொகூர். இன்றைக்கு 170ஆம் எண் பஸ்ஸில் ஏறினால் போய்விடலாம். அது அவருக்கு வசதியாக இருந்ததா, கூடுதல் வேதனையா? எனக்கு இரண்டாவதுதான் என்று தோன்றுகிறது.

அந்த வீட்டின் மிச்சக் கதையையும் சொல்லிவிட வேண்டும். ஆலம் போன பிறகு சொந்தக்காரர்களுக்குள் சொத்துத் தகராறு. கோர்ட்டுக்குப் போனார்கள். 1897இல் தீர்ப்பு வந்தது: சுல்தானின் வாரிசு என்று எவரும் உரிமை கொண்டாட முடியாது, நிலம் அரசாங்கத்தைச் சேர்ந்தது. பங்கு கேட்டுப் போனவர்கள் மொத்தத்தையும் விட்டுவிட்டு வந்தார்கள். எங்கள் ஊரில் பங்காளிச் சண்டை பார்த்தவர்களுக்கு இது பழக்கமான முடிவு. 1904இல் தனியாக ஒரு சட்டம் போட்டு, குடும்பத்தார் அங்கே குடியிருக்கலாம், வருமானத்தில் பங்கு உண்டு என்று கொஞ்சம் இரக்கம் காட்டினார்கள். அப்படியே தொண்ணூற்றைந்து வருடம் ஓடியது. 1999இல் குடும்பங்களை வெளியேறச் சொல்லி, வாரிசுகளுக்கு வருடம் 350,000 வெள்ளி வீதம் முப்பது வருடத்துக்கு என்று முடிவானது. வீடு மலாய் மரபுடைமை நிலையமாயிற்று, 2005இல் திறந்தார்கள்.

அதன் பக்கத்திலேயே இன்னொரு மஞ்சள் வீடு இருக்கிறது. கெடுங் கூனிங் என்பார்கள், அர்த்தமே மஞ்சள் மாளிகைதான். மலாய் அரச குலத்துக்கு மஞ்சள்தான் நிறம். அது தம்பி துங்கு மஹ்மூதுக்காகக் கட்டிய வீடு. அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் பட்டம் இல்லை, வீடு மட்டும் அடுத்தடுத்து. தம்பியின் வீட்டை 1912இல் பெல்ட் வியாபாரி ஒருவர் வாங்கினார். நான் அந்தத் தெருவில் நின்று பார்த்தேன். இரண்டு வீட்டுக்கும் நடுவே நின்று கையை நீட்டினால் இரண்டு பக்கத்து மஞ்சளும் ஒரே பார்வையில் அடங்குகிறது. இந்த அண்ணனும் தம்பியும் ஒரு நாளாவது வாசலில் நின்று பேசியிருப்பார்களா?

சரி, என் பத்திரத்துக்கு வருகிறேன். அன்றைக்குப் பாயும் நானும் பாக்தாத் தெருவில் ஒரு கடையில் தே ஹாலியா குடித்தோம். பாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பத்திரத்தை முதல் வரியிலிருந்து படித்தார். சாட்சிக் கையெழுத்துப் போடுகிறவர் இவ்வளவு கவனமாகப் படித்து நான் பார்த்ததில்லை. 'எனக்குப் பாத்தியப்பட்ட சகல பாகத்தையும்' என்ற இடத்தில் விரலை வைத்தார்.

"இதுக்கு ஒனக்கு எவ்வளவு தர்றாங்க?"

"ஒண்ணும் இல்ல பாய். தம்பிதான் அம்மாவப் பாத்துக்கிறான்."

"மாசா மாசம் ஏதும்?"

"இல்ல."

"அப்ப நல்ல பத்திரம்தான்" என்றார். தேநீரை உறிஞ்சிவிட்டு, "மாசா மாசம் தர்றேன்னா போடாத" என்றார்.

பவர் முடிந்து, கூரியரில் போட்டு, மாமா பதிவு செய்து, தம்பி வாட்ஸ்அப்பில் ரசீதைப் படம் எடுத்து அனுப்பியும் ஆயிற்று. கூடவே வீட்டின் படத்தையும் அனுப்பியிருந்தான். திண்ணையில் அம்மா உட்கார்ந்திருக்கிறாள். பின்னால் சுவருக்குப் புதிதாக வெள்ளை அடித்திருக்கிறது. என்னிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை இப்போது.

அடுத்த வெள்ளிக்கிழமை தனியாகப் போனேன். நார்த் பிரிட்ஜ் ரோட்டில் பஸ்ஸில் வந்தால், பள்ளிவாசல் பக்கம் ரோடு லேசாக வளைவது தெரியும். புதுப் பள்ளியை மக்காவின் திசைக்கு நேராகக் கட்ட வேண்டியிருந்தது, அதற்காக ரோட்டை ஒதுக்கி வளைத்தார்கள். கிராஃபர்ட் மதிலை உடைத்துப் போட்ட அதே ரோடு. தாத்தாவின் வளாகத்தைக் கிழித்துக்கொண்டு போனது, பேரன் படுத்திருக்கிற இடத்தைச் சுற்றிக்கொண்டு போகிறது. வளைவில் பஸ் சாய்ந்தபோது நின்றிருந்தவர்கள் எல்லாரும் கம்பியை இறுக்கிப் பிடித்தார்கள். நான் மணியை அழுத்திவிட்டு இறங்கிக்கொண்டேன்.